மார்பகப் புற்றுநோயும் எமது இல்லங்களும்



இப்பொருளை இம்மேடையிலே பேசலாமோ என்று சிலர் தயங்கினர். எமக்கும் கூச்சம் இல்லாமலில்லை. ஆயினும் எமது அயலிலே ஓர் அன்னையார் மார்பிலே கண்ட கட்டியை எட்டு மாதம் எவருக்கும் சொல்லாது மறைத்திருந்தார். கேட்டபோது, "பிள்ளையளுக்கு இதை என்னெண்டு சொல்லுறது?" என்றார். அதனாலேயே பேசத் துணிந்தோம்.

1713ஆம் ஆண்டிலே இத்தாலிய வைத்தியர் இராமசீனி, கன்னியாஸ்திரிகளிடையே இந்நோய் மிகுதி என எழுதினார். (மிஷன் பாடசாலையில் எமக்குப் படிப்பித்த சகோதரிகளை நினைத்து மனம் சற்றுக் கலங்கியது.) பிள்ளைப்பேறும் பாலூட்டலும் இல்லாமையே இதற்குப் பெரிதும் காரணமெனப் பின்னர் தெளிந்தது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை 2002இல் ஒருங்கே நோக்கியோர், பாலூட்டிய ஒவ்வொரு 12 மாதத்துக்கும் அபாயம் 4.3 வீதமும், ஒவ்வொரு மகப்பேற்றுக்கும் மேலும் 7 வீதமும் குறைவதாகக் கண்டனர். பாலூட்டுவதில் எம் தாய்மார் பின்நிற்பவரல்லர்.

குறை வேறிடத்திலே உண்டு. மாதவிடாய் நின்றபின் உடல் பருத்தலும், உடலுழைப்பு இன்மையும், மதுவும் அபாயத்தைக் கூட்டுவன. உரலிலே மா இடித்த கைகள் இன்று மின்விசையை அழுத்துகின்றன. வாரத்தில் 150 நிமிடமேனும் விரைந்து நடக்கச் சொல்கின்றனர் வைத்தியர். ஆனால் மாலையிலே ஒரு பெண் வீதியில் நடந்தால், "எங்கை போறாய்?" என்று மறிப்பவர் யார்? நாமேயன்றோ! இளைஞரே, ஒருவேளைச் சோற்றை நீங்கள் ஆக்கினால் அம்மாவுக்கு அரைமணி நேரம் கிடைக்கும்.

மாதவிடாய் நின்றபின் சிலர் எடுக்கும் ஓமோன் மாத்திரைகளைப் பற்றி வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும். தாய்க்கோ சகோதரிக்கோ இந்நோய் வந்திருப்பின் அதனையும் அவரிடம் மறையாது சொல்லுதல் வேண்டும்.

இத்தனையும் செய்தவளுக்கும் நோய் வரலாம். நோயுற்ற பெண்களில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம், பெண்ணாய்ப் பிறந்ததும் வயது ஏறியதும் அன்றி வேறு காரணம் காணப்படவில்லை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஆகவே, "நீ என்ன செய்தாய்?" என்று அவளைக் கேட்பது கொடுமை. முன்வினை என்று முணுமுணுப்பதும் அதற்குக் குறைந்ததன்று.

தடுக்க முடியாததை வேளைக்கே கண்டுகொள்ளலாம். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் நடத்தும் சுகவனிதையர் நிலையங்களில் மார்பைக் கட்டணமின்றிப் பரிசோதிப்பர். வீட்டிலே தாமே பார்க்கும் முறையையும் சொல்லித் தருவர். 35 வயதைக் கடந்த தாய்மார் குடும்பநல உத்தியோகத்தரிடம் நாளைக் கேட்டறியலாம்.

அவ்வன்னையார் இப்பொழுது தெல்லிப்பழையிலே சிகிச்சை பெறுகின்றார். அவருடைய மூத்த மகள் சென்ற மாதம் எம்முடன் அந்நிலையத்துக்கு வந்தார்; அடுத்த முறை மாமியாரையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.