மிதிவண்டிச் சட்டகம் செய்யக் கற்றோம்



மிதிவண்டியைப் பழுதுபார்க்க நம்மிற் பலர் அறிவர். அதன் சட்டகத்தையே நம் உடலளவிற்கேற்ப எஃகுக் குழாய்களால் செய்ய இயலுமா? இயலும். நாங்கள் சிலர் கற்றுக்கொண்டோம்.

நெருப்பைத் தொடுமுன் அரத்தைப் பிடிக்கவேண்டும். ஒரு குழாயின் முனை மற்றதன் வளைவில் வெளிச்சம் புகாதபடி பொருந்தும்வரை அராவவேண்டும். எங்களுக்கு இதிலேயே நாள்கள் கழிந்தன. 1897இல் பர்மிங்காமில் ரெனால்ட்சும் உடன் பணியாற்றியவரும் காப்புரிமை பெற்ற முறைப்படி, உயர்தரக் குழாயின் சுவர் முனைகளில் தடித்தும் நடுவில் மெலிந்தும் இருக்கும். தடித்த பகுதியை மிகுதியாக வெட்டிவிட்டால் இணைப்பு வலுவிழக்கும். ஒரு குழாயை வீணாக்கியே இதனை உணர்ந்தோம்.

பித்தளை ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் உருகும். எஃகு உருக 1500 பாகையை நெருங்கவேண்டும். ஆதலின் எஃகு உருகாமலே, குழாய்க்கும் அதன்மேற் பொருத்திய பூணுக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கில், திரியில் எண்ணெய் ஏறுவதுபோற் பித்தளை பரவும். துருவை நீக்கி வெண்காரம் பூசாவிடிற் பரவாது.

எங்கள் முதல் இணைப்பு பார்வைக்கு அழகாயிருந்தது. ஆசிரியர் அதனை இரம்பத்தாற் பிளக்கச் சொன்னார். மனம் வரவில்லை, ஆயினும் பிளந்தோம். உள்ளே பாதியிடத்திற் பித்தளையே இல்லை! வண்ணம் பூசியிருந்தால் யார் கண்டிருப்பார்? ஏறிச் சென்றவனன்றோ சாலையிற் கண்டிருப்பான்! அன்றுமுதல், பிளந்த இணைப்புகளில் பித்தளை முழுதும் நிறைந்திருக்கக் கண்ட பின்னரே சட்டகத்திற் கைவைத்தோம்.

அப் பிளந்த துண்டுகளை இங்கே கொணர்ந்துள்ளோம். இளைஞர்கள் எடுத்துப் பார்க்கலாம்.