சின்ன அதிர்ச்சியைச் சொன்னவரைத் திட்டாதீர்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு வீட்டு மின்சாரம். தலைப்பைக் கேட்டதும், “இது ஆண்கள் சமாச்சாரம், மின்சார வேலைக்காரர் சமாச்சாரம்” என்று ஒதுங்கிவிட வேண்டாம். ஒரு வீட்டில் மின்கோளாறு வந்தால் அதை முதலில் அறிபவர் யார்? துணி துவைக்கும் இயந்திரத்தைத் தொடுபவர், இஸ்திரி போடுபவர், ஈரக் கையோடு சமையலறையில் நிற்பவர். அதாவது அம்மா, பாட்டி, பணிப்பெண், வாடகை அறையில் இருக்கும் தம்பி. இவர்கள் யாராவது “குழாயைத் தொட்டால் சுருக்கென்கிறது” என்று சொன்னால் கிடைக்கும் பதில் என்ன? “கையைத் துடைத்துவிட்டுத் தொடு” என்பதுதான். அந்தப் பதில் ஓர் உயிரையே வாங்கிவிடலாம்.

அளவைப் பாருங்கள்

சிங்கப்பூர் வீடுகளுக்கு வருவது 230 வோல்ட் மின்சாரம். ஒரு பழைய 60 வாட் குண்டு பல்பு எரிய ஏறக்குறைய 260 மில்லி ஆம்பியர் மின்னோட்டம் தேவை. மனித உடலுக்கோ 30 மில்லி ஆம்பியரைத் தாண்டினாலே ஆபத்து. பிடித்த கை விடாது, மூச்சுத் திணறும், இதயத்தின் துடிப்பே குலைந்துபோகலாம். ஒரு பல்பு எரியும் மின்சாரத்தில் ஒன்பதில் ஒரு பங்குகூட நம் உடலுக்கு அதிகம்.

“பிளக்கில்தான் ஃபியூஸ் இருக்கிறதே” என்று சிலர் கேட்பார்கள். அந்த ஃபியூஸ் 13 ஆம்பியர். மில்லி கணக்கில் சொன்னால் 13,000. மனிதருக்கு ஆபத்தான அளவைப்போல் 400 மடங்குக்கும் மேல். ஃபியூஸ் காப்பாற்றுவது கம்பியை, மனிதரை அல்ல. மின்பெட்டியில் வரிசையாக நிற்கும் எம்சிபி என்ற சிறு விசைகளும் அப்படியே. அளவுக்கு மீறிய சுமை வந்தாலோ, கம்பிகள் ஒன்றோடொன்று உரசினாலோ அவை விழும். உங்கள் உடல் வழியாகக் கசியும் சிறிய மின்சாரம் அவற்றுக்குத் தெரியவே தெரியாது.

மனிதரைக் காப்பதற்கென்றே உள்ளது ஆர்சிசிபி என்னும் மின்கசிவுத் துண்டிப்பான். அது செய்யும் வேலை ஒரு கணக்குப்பிள்ளையின் வேலை. ஒரு கம்பியில் எவ்வளவு மின்சாரம் போகிறதோ அவ்வளவும் மறு கம்பியில் திரும்பி வர வேண்டும். குறைந்தால், எங்கோ கசிகிறது என்று பொருள். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால், கண்ணிமைக்கும் நேரத்தில் வீட்டு மின்சாரத்தையே துண்டித்துவிடும்.

சட்டம் வந்துவிட்டது; உங்கள் வீட்டில் இருக்கிறதா?

1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீடுகளில் இந்தக் கருவி கட்டாயமாகப் பொருத்தப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளில் சிலவற்றில் இல்லாமலேயே இருந்தது. எரிசக்திச் சந்தை ஆணையம் 2023 ஜூலை 1 முதல் எல்லாக் குடியிருப்புகளிலும் இதைக் கட்டாயமாக்கியது. இல்லாத வீடுகளுக்கு 2025 ஜூலை 1 வரை அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசமும் முடிந்துவிட்டது.

இன்று இரவு வீட்டுக்குப் போனதும் மின்பெட்டியின் மூடியைத் திறந்து பாருங்கள். மற்றவற்றைவிட அகலமான ஒரு விசையும், அதில் ஒரு சின்னப் பொத்தானும் இருக்கும். பொத்தானில் ‘டெஸ்ட்’ என்றோ அதன் முதல் எழுத்தோ பொறித்திருக்கும். கணினியை முறையாக அணைத்துவிட்டு அந்தப் பொத்தானை அழுத்துங்கள். விசை டக்கென்று விழ வேண்டும். விழுந்தால் கருவி விழித்திருக்கிறது. மறுபடி மேலே தூக்கிவிடுங்கள். விழவில்லை என்றால் கருவி இருந்தும் இல்லாததற்குச் சமம்; உடனே மின்பணியாளரை அழையுங்கள். மாதம் ஒரு முறை இதைச் செய்வது நல்லது. சம்பள நாளோடு சேர்த்து வைத்துக்கொண்டால் மறக்காது.

ஒன்றை மட்டும் மனத்தில் வையுங்கள். ஒரு கையால் மின்கம்பியையும் மறு கையால் அதன் திரும்பு கம்பியையும் தொட்டால், போனது போனபடி திரும்பி வருகிறது என்று ஆர்சிசிபி ஏமாந்துவிடலாம். கருவி இருக்கிறது என்ற துணிச்சலில் எதையும் திறந்து நோண்டக் கூடாது.

வீடு கொடுக்கும் அறிகுறிகள்

கோளாறு சொல்லாமல் வருவதில்லை. பிளக் தொட்டால் சுடுவது, சுவிட்சைச் சுற்றிப் பழுப்புக் கறை படிவது, பொத்தானைத் தட்டும்போது சடசடவென்ற ஓசை, பிளாஸ்டிக் கருகும் வாடை, விளக்கு காரணமின்றி மங்கி மங்கி எரிவது. இவற்றில் எது இருந்தாலும் அந்த இடத்தை அன்றே பயன்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

இங்கே பலருக்குத் தெரியாத உண்மை ஒன்று உண்டு. சாக்கெட்டுக்குள் ஒரு திருகாணி தளர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தளர்ந்த இடத்தில் அரை ஓம் அளவுக்கு மின்தடை ஏற்படுகிறது. அதன் வழியாக 10 ஆம்பியர் ஓடினால் அந்தச் சின்ன இடத்தில் 50 வாட் வெப்பம் உண்டாகும். ஈயத்தை உருக்கும் சிறு சோல்டரிங் கருவிக்கே 40 வாட் போதும். சுவருக்குள் அப்படி ஒரு கருவி ஓய்வின்றி எரிந்துகொண்டிருக்கிறது. ஆனால் சுமை மீறவில்லை; எம்சிபி விழாது. மின்சாரம் கசியவில்லை, ஆர்சிசிபியும் விழாது. இந்தக் கோளாற்றைக் கண்டுபிடிக்க இருப்பவை உங்கள் மூக்கும் விரலும் மட்டுமே. அதனால்தான் “ஏதோ வாடை வருகிறது” என்று பாட்டி சொன்னால் எழுந்துபோய்ப் பார்க்க வேண்டும்.

தீபாவளி நேரத்தில் இன்னொரு தவறு நடக்கிறது. ஒரே நீட்டிப்புப் பலகையில் கெட்டில், அடுப்பு, சோறாக்கும் பானை எல்லாம் செருகப்படுகின்றன. கெட்டில் 2,200 வாட், சிறிய மின்அடுப்பு 1,000, சோற்றுப்பானை 700. கூட்டினால் 3,900. ஒரு 13 ஆம்பியர் பிளக் தாங்குவதோ ஏறக்குறைய 3,000 வாட். பலகையில் துளைகள் மிச்சம் இருப்பதால் மின்சாரமும் மிச்சம் இருக்கிறது என்று பொருளல்ல. அந்தக் கம்பியைக் கம்பளத்துக்கு அடியில் ஓடவிட்டால், சூடு வெளியேற வழியும் இல்லாமல் போய்விடும்.

விசை விழுந்தால் என்ன செய்வது?

பதற்றம் வேண்டாம். ஒவ்வொரு படியாகச் செய்யுங்கள். கை உலர்ந்திருக்கட்டும், காலில் செருப்பு இருக்கட்டும்.

முதலில் எல்லாச் சாதனங்களின் பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது, கழற்ற வேண்டும். இரண்டாவது, எல்லா எம்சிபிகளையும் கீழே இறக்குங்கள். மூன்றாவது, ஆர்சிசிபியை மேலே தூக்குங்கள். நான்காவது, எம்சிபிகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். ஏதாவது ஒன்றை ஏற்றும்போது ஆர்சிசிபி விழுந்தால் கோளாறு அந்தச் சுற்றில்தான். பிளக்குகளைக் கழற்றியிருப்பதால், சுவருக்குள் இருக்கும் கம்பியிலோ அல்லது நேரடியாக இணைக்கப்பட்ட விளக்கு, சூடேற்றி போன்றவற்றிலோ பழுது. அந்த எம்சிபியை இறக்கியே வைத்துவிட்டு மின்பணியாளரை அழையுங்கள். எல்லாம் இறங்கியிருக்கும்போதே ஆர்சிசிபி நிற்காவிட்டாலும் அப்படியே செய்யுங்கள்.

எல்லா எம்சிபியும் நின்றுவிட்டதா? நல்லது. இப்போது சாதனங்களை ஒவ்வொன்றாகச் செருகி இயக்குங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதைக் கழற்றி, “பழுது” என்று தாளில் எழுதி ஒட்டி, ஓரமாக வையுங்கள். எழுதி ஒட்டாவிட்டால் மறுநாள் வீட்டில் வேறு யாராவது அதைச் செருகிவிடுவார்கள்.

எது உங்கள் வேலை, எது அவர் வேலை?

பல்பு மாற்றலாம். பிளக்கின் ஃபியூஸை, அதே அளவுள்ள ஃபியூஸைக் கொண்டு மாற்றலாம். ஈயத்தாளைச் சுருட்டி வைப்பதும் கம்பியைச் சுற்றி வைப்பதும் காவல்காரரை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பதற்கு ஒப்பு. தேய்ந்த பிளக்கையும் மாற்றலாம். சுவரிலிருந்து கழற்றிய பிறகு அதன் உட்புறத்தைப் பெரிய முனை மேலே வரும்படி பிடித்துப் பாருங்கள். மேலே பச்சை-மஞ்சள் கம்பி, வலப்பக்கம் ஃபியூஸ் உள்ள முனையில் பழுப்பு, இடப்பக்கம் நீலம். சந்தேகம் இருந்தால் செய்யாதீர்கள்.

சுவருக்குள் இருக்கும் எதுவும் உங்கள் வேலையல்ல. அதற்கு வலுவான காரணம் உண்டு. பழைய வீடுகளில் மின்கம்பி சிவப்பு, திரும்பு கம்பி கறுப்பு. 2009இல் இந்நாட்டில் நிறங்கள் மாறின. இப்போது ஒருமுனை இணைப்பில் மின்கம்பி பழுப்பு, திரும்பு கம்பி நீலம். மும்முனை இணைப்பில் பழைய முறைப்படி நீலம் ஒரு மின்கம்பி. புதிய முறைப்படி கறுப்பு ஒரு மின்கம்பி. ஒரே வீட்டில் பழையதும் புதியதும் கலந்திருந்தால், நிறத்தை நம்பிக் கை வைப்பவர் எதைத் தொடுகிறார் என்பது அவருக்கே தெரியாது.

உரிமம் பெற்ற மின்பணியாளர்தான் அந்த வேலையைச் செய்யச் சட்டப்படி தகுதியுள்ளவர். அவருடைய உரிமத்தை எரிசக்திச் சந்தை ஆணையத்தின் இணையத்தளத்தில் சரிபார்க்க முடியும். உரிமத்தைக் காட்டச் சொல்வது அவமரியாதை அல்ல. நல்ல பணியாளர் கேட்காமலேயே காட்டுவார்.

குளியலறைச் சூடேற்றிக்குத் தனிக் கவனம் தேவை. தண்ணீரைத் தேக்கிச் சூடாக்கும் வகையைப் பிளக்கில் செருகிப் பயன்படுத்தக் கூடாது. இரு கம்பிகளையும் ஒருசேரத் துண்டிக்கும் தனிச் சுவிட்சோடு நேரடியாக இணைத்திருக்க வேண்டும். அதுவும் உரிமம் பெற்றவரின் வேலை.

வாயைத் திறக்க இடம் கொடுங்கள்

ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பழைய மூவறை வீடு. வயதான தாய், வேலைக்குப் போகும் மகன், மருமகள், ஒரு பணிப்பெண். குளிக்கும்போது குழாயில் சுருக்கென்கிறது என்பது பணிப்பெண்ணுக்கு ஒரு வாரமாகத் தெரியும். போன மாதம் கோப்பை உடைந்ததற்கு வாங்கிய ஏச்சு நினைவில் இருப்பதால் அவள் சொல்லவில்லை. தாய்க்கும் தெரியும். “பிள்ளைக்கு எதற்குச் செலவு” என்று அவரும் சொல்லவில்லை. ஆர்சிசிபி அடிக்கடி விழுவது மகனுக்குத் தெரியும். தெரிந்தவர் ஒருவரைக் கூட்டிவந்து, அந்தக் கருவியையே தாண்டிக் கம்பியை இணைத்துவிடுகிறார். இப்போது விசை விழுவதில்லை. எல்லாருக்கும் நிம்மதி.

சூடேற்றியின் உள்ளே மின்சாரம் தண்ணீரில் கசிகிறது. அதை நிலத்துக்குக் கொண்டுபோகும் கம்பி அறுந்திருக்கிறது. கருவி அதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அதன் வாயைக் கட்டியாகிவிட்டது. வீட்டிலிருந்த இருவரின் வாய் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தது. மூவரில் ஒருவருடைய பேச்சு காதில் விழுந்திருந்தால் போதும். ஒரு சூடேற்றியை மாற்றும் செலவோடு முடிந்திருக்கும்.

ஆகவே வீட்டில் ஒரு வழக்கத்தைக் கொண்டுவாருங்கள். சுருக்கென்றது, சுட்டது, வாடை வந்தது என்று யார் சொன்னாலும் திட்டு இல்லை. செலவுப் பேச்சு இல்லை. முதலில் அந்தச் சாதனத்தை நிறுத்துவது. அறையை வாடகைக்கு விட்டிருப்பவர்கள், “ஏதாவது என்றால் உடனே சொல்லுங்கள் தம்பி” என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பணிப்பெண்ணுக்கு மின்பெட்டி எங்கே இருக்கிறது, எந்த விசையை இறக்க வேண்டும் என்று காட்டிக்கொடுங்கள். ஆபத்து வரும் வேளையில் வீட்டில் இருக்கப்போவது அநேகமாக அவர்தான்.

யாரையாவது மின்சாரம் பிடித்துக்கொண்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். இரண்டாவது உயிரும் போகும். முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். முடியாவிட்டால், உலர்ந்த இடத்தில் நின்று, உலர்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் துடைப்பத்தாலோ கம்பியை விலக்குங்கள். 995ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால், அவர்கள் சொல்லும்படி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள். மின்சாரத்தால் தீப்பற்றினால் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது பெரியவர்கள் வாக்கு. இந்த அணைக்குப் பெரிய செலவில்லை. மாதம் ஒரு பொத்தான், வாரம் ஒரு முறை பிளக்குகளைத் தொட்டுப் பார்க்கும் விரல், வீட்டில் யார் பேசினாலும் கேட்கும் காது. இந்த மூன்றும் போதும்.