மாநகரின் சிறுபள்ளி



தமிழைக் காப்போம் என்னும் முழக்கம் மேடைதோறும் கேட்கின்றது. ஆனால், சென்னை மாநகரில் அத் தமிழ் நாள்தோறும் கணக்கையும் அறிவியலையும் கற்பிக்கும் இடம் எது? பன்மாடிக் கட்டடங்களுக்கிடையே ஒடுங்கி நிற்கும் மாநகராட்சி உயர்நிலைப் பள்ளியே அது. ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை அங்கு நடைபெறுகின்றது. கட்டடத் தொழிலாளர், வீட்டு வேலை செய்வார், மீன் விற்பார், தானி ஓட்டுநர் ஆகியோரின் பிள்ளைகளே அங்குப் பயில்கின்றனர். தமிழில் முக்கோணவியல் பேசும் வாய் இன்று பெரும்பாலும் ஏழையின் வாயாகவே இருக்கின்றது.

இப் பள்ளிகளின் மரபு சிறியதன்று. 1920-ஆம் ஆண்டில் பிட்டி தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக விளங்கியபோது, ஆயிரம்விளக்குப் பகுதியின் மாநகராட்சிப் பள்ளியில் நண்பகலுணவு அளிக்க ஒப்புதல் தரப்பெற்றது. மாணவர் ஒருவர்க்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமற் செலவிட இசைந்தனர். பசித்த பிள்ளை படிக்க மாட்டான் என்பதை உணர்ந்த செயல் அது. 2022-இல் தொடக்கப் பள்ளிகளிற் காலையுணவும் வந்தது. இவை போற்றத்தக்கனவே. எனினும், வயிற்றுக்கு வழி கண்ட அரசுகள் வாய்மொழிக்கு வழி கண்டனவா?

நடந்ததை நிரலாக எண்ணிப் பாருங்கள். 1999-இல் தமிழறிஞர்கள் உண்ணாநோன்பு இருந்தனர். அதன்பின், ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழியே பயிற்றுமொழி என அரசு ஆணை பிறப்பித்தது. 2000-இல் சென்னை உயர்நயன்மன்றம் அதனை வீழ்த்திற்று. 2006-இல் வந்த தமிழ் கற்றல் சட்டம் தமிழை ஒரு பாடமாக்கியதேயன்றிப் பயிற்றுமொழியாக்கவில்லை. 2010-இல் தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணியில் நூற்றுக்கு இருபது இடங்கள் ஒதுக்கப்பெற்றன. ஆனால், 2012-13 கல்வியாண்டு முதல் அரசே தன் பள்ளிகளில் ஆங்கிலவழிப் பிரிவுகளைத் திறந்து பெருக்கியது. ஒரு கையால் நீர் வார்த்து, மறுகையால் வேரறுக்கும் செயல் இதுவன்றோ? 2014-இல், தாய்மொழிவழிக் கல்வியை அரசு கட்டாயமாக்க இயலாதென உச்ச நயன்மன்றமும் உரைத்துவிட்டது.

சிறுபள்ளி எவ்வாறு தேய்கின்றது? பிள்ளைகளின் தொகைக்கேற்பவே ஆசிரியர் பணியிடங்கள் அளிக்கப்பெறுகின்றன. பத்துப் பிள்ளைகள் குறைந்தால், மிகை ஆசிரியர் என்று ஒருவரை வேறு பள்ளிக்கு மாற்றுகின்றனர். ஆசிரியர் போனபின் எஞ்சிய பெற்றோர் நம்பிக்கை இழக்கின்றனர். மேலும் பிள்ளைகள் குறைகின்றனர். பல பள்ளிகளில் தமிழ்வழிப் பிள்ளைகளும் ஆங்கிலவழிப் பிள்ளைகளும் ஓரறையில் அமர, ஓராசிரியரே இருவர்க்கும் கற்பிக்கின்றார். பாடம் விளங்குவது தமிழில்; தேர்வு எழுதுவது ஆங்கிலத்தில்! விளங்கியதை எழுத முடியாமல், விளங்காததை நெட்டுருச் செய்யும் நிலைக்கு அப் பிள்ளைகள் தள்ளப்பெறுகின்றனர். இதற்குப் பெயரா முன்னேற்றம்?

பெற்றோர்மேற் பழி சுமத்துவது முறையன்று. ஆங்கிலம் அறிந்தார்க்கே மதிப்பும் வேலையும் என்று இவ்வுலகம் அவர்களுக்குக் காட்டியிருக்கின்றது. மருத்துவமும் பொறியியலும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடக்க, பள்ளியில் மட்டும் தமிழைத் தாங்கும்படி ஏழையைக் கேட்பது அறமாகுமா? ஆயினும், தமிழ்வழி அறிவை மழுக்கும் என்பது பொய். 2008-இல் நிலவை நோக்கிச் சென்ற சந்திரயான் திட்டத்தின் இயக்குநர் மயில்சாமி அண்ணாதுரை, கோவை மாவட்டக் கோதவாடிச் சிற்றூரில் தமிழ்வழிப் பயின்றவரே.

பழி யார்மேல்? தமிழ் தமிழ் என்று முழங்கிவிட்டு, தம் பிள்ளையை ஆங்கிலப் பள்ளி வண்டியில் ஏற்றியனுப்பும் தமிழன்பர்மேல்! கற்றார் விலகியதனாற் கேள்வி கேட்பாரின்றிப் போயின அப் பள்ளிகள். கழிவறை கெட்டாலும், கணக்காசிரியர் இல்லாவிட்டாலும், தட்டிக்கேட்கும் வலிமை ஏழைத் தாய்க்கு எங்கிருந்து வரும்? கற்றவர் பிள்ளை அவ் விருக்கையில் அமருமாயின், மறுதிங்களே கணக்காசிரியர் வருவார்.

எனவே, செய்யவேண்டுவன மூன்று. தமிழ்வழிப் பிரிவிற் பிள்ளைகள் சிலரேயாயினும் அதற்குத் தனியாசிரியர் வேண்டும் என்று கேளுங்கள். மேற்படிப்பும் வேலையும் தமிழில் அமையும்வரை ஓயாதீர்கள். இவ்விரண்டையும் கேட்கும் தகுதி பெறுதற்கு, வரும் கல்வியாண்டில் உங்கள் பிள்ளையை, பெயரனை, பெயர்த்தியை உங்கள் தெருவின் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ்வழிப் பிரிவிற் சேருங்கள்.

பள்ளி சிறிதாயிருப்பது குறையன்று; ஆசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் பெயர் சொல்லி அழைக்கும் பேறு அங்குண்டு. அது வெறிதாயிருப்பதே இழுக்கு. அவ் விருக்கைகளை நிரப்புங்கள். தமிழ் தானே நிற்கும்!