வான சாஸ்திரப் படிப்பு
(புதுச்சேரியில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



இவ்வூர்ப் பெண் ஒருத்தி வான சாஸ்திரம் படிக்க வேண்டுமென்றாளாம். வீட்டுப் பெரியவர், "படிக்கட்டும், நாலு பேருக்கு ஜாதகம் கணிக்கலாம்" என்றாராம். அவர்மீது குற்றமென்ன? 2001-ல் பல்கலைக்கழக மானியக் குழுவே ஜோசியத்தைப் பட்டப்படிப்பாக்க வழிசெய்தது. ஆட்சேபித்துப் போட்ட வழக்கையும் 2004-ல் சுப்ரீம் கோர்ட்டு தள்ளிவிட்டது. ஏழை கொடுக்கும் வரிப்பணத்தில் ராகு கேதுவுக்குப் பட்டம்!

இந்தப் புதுச்சேரியிலேயே நடந்ததைச் சொல்லுகிறேன். லெ ஜாந்தி என்ற பிரஞ்சுக்காரர், சுக்கிரன் சூரியனுக்குக் குறுக்கே போவதைப் பார்த்துச் சூரியனுடைய தூரத்தைக் கணக்கிட 1760-ல் புறப்பட்டார். 1761-ல் யுத்தத்தால் கடலிலேயே தங்கி வாய்ப்பை இழந்தார். எட்டு வருஷம் காத்திருந்து, 1769 ஜூன் 4-ந் தேதி காலை இங்கே இடிந்த கோட்டைமேல் கருவிகளோடு நின்றார். மேகம் மூடிக்கொண்டது! 1771-ல் ஊர் திரும்பினால், உறவினர் அவரைச் செத்தவராக வைத்துச் சொத்துக்கு வழி தேடிக்கொண்டிருந்தார்கள். சுக்கிரனால் இவ்வளவு நஷ்டப்பட்டவர் சுக்கிர தோஷப் பரிகாரம் செய்தாரா? இல்லை. கண்டதையெல்லாம் புஸ்தகமாக எழுதினார்.

இன்னொன்று. 1825-ல் வாரன் என்பவருக்கு இவ்வூர்ப் பஞ்சாங்கக்காரர் ஒருவர், தரையில் சோழிகளை வைத்து, மனப்பாடமாகவே சந்திர கிரகணத்தைக் கணக்கிட்டுக் காட்டினார். ஆரம்பம் சில நிமிஷ வித்தியாசத்தில் சரியாயிருந்தது. அபாரமான ஞாபகசக்திதான். ஆனால் அந்தக் கணக்கின் காரணம் அவருக்கு ஒரு சொல்கூடத் தெரியாதென்று வாரன் எழுதியிருக்கிறார். முடிவு நேரம் முக்கால் மணிக்கு மேல் பிசகியது. காரணம் தெரியாதவர் பிசகை எப்படித் திருத்துவார்? "எல்லாம் நம் முன்னோருக்குத் தெரியும்" என்பவர்கள் இதற்குப் பதில் சொல்லட்டும்.

காரணம் கேட்பதுதான் இந்தப் படிப்பு. நட்சத்திரத்தின் ஒளியைப் பிரித்து, அது எதனாலானது, எவ்வளவு சூடு என்று கண்டுபிடிக்கிறார்கள். நம் சந்திரசேகர் வான சாஸ்திரத்தில் முதற்பட்டம் வாங்கியவரல்ல. சென்னை மாகாணக் கல்லூரியில் பௌதிகம் படித்து 1930-ல் கப்பலேறினார். 1983-ல் நோபெல் பரிசு பெற்றார். ஆகவே, வான சாஸ்திரம் என்ற பெயரிலேயே முதற்பட்டம் தேடி அலைய வேண்டியதில்லை. பௌதிகமும் கணிதமும் ஒழுங்காகப் படித்துப் பிறகு அதற்குப் போகலாம். வேலை? ஆராய்ச்சி ஸ்தானங்கள் கொஞ்சந்தான், ஒளிக்கவில்லை. கணக்கும் கம்ப்யூட்டரும் கற்றவளுக்கு வேறு இடமும் உண்டு.

விண்ணப்பம் போட நல்ல நாள் பார்க்காதீர்கள். கடைசித் தேதியைப் பாருங்கள்.