ஒரு கிலோ கருநீலத்துக்கு எவ்வளவு உப்பு?

திருப்பூர் சாயப்பட்டறைகளில் டையிங் மாஸ்டராக வேலை பார்த்தவன் நான். வெளிநாட்டுக் கடையில் தொங்கும் ஒரு பனியன் யாரையும் கெடுக்காமல் வந்து சேர்ந்ததா என்று எப்படிப் பார்ப்பது? அதைத்தான் பேசச் சொல்லியிருக்கிறார்கள். பருத்திக்காடு, ஜின்னிங், நூற்பாலை, நிட்டிங், சாயம், தையல் என்று நீளமான பாதை அது. இருக்கிற சில நிமிடங்களில் எனக்குத் தெரிந்த சாயத்தைப் பற்றியே அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் ஏற உப்பு வேண்டும். வெளிர் நிறத்துக்குக் கொஞ்சம் போதும். கருநீலம், கறுப்பு என்றால் லிட்டர் தண்ணீருக்கு 80 கிராம் வரை போடுவோம். கிலோ துணிக்கு ஆறு லிட்டர் என்று வைத்துக்கொண்டால், கிட்டத்தட்ட அரைக்கிலோ உப்பு! அதில் எதுவும் துணியில் தங்காது. சாயத்தைத் துணிப்பக்கம் தள்ளிவிட்டு, அப்படியே தண்ணீரோடு வெளியே வந்துவிடும்.

சாயத்தண்ணீர் என்றதும் சிவப்பும் நீலமுமாக ஓடும் வாய்க்கால்தான் உங்கள் நினைவுக்கு வரும். நிறத்தை நீக்க வழி உண்டு. உப்புதான் பெரும்பாடு, அது கண்ணுக்கே தெரியாது. வேலைக்குச் சேரும் பையன்களுக்கு நான் முதலில் காட்டுவது, தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரைத்தான். நிறம் நீக்கிய தண்ணீரை ஒரு கண்ணாடிக் குவளையில் பிடித்து வைப்பேன். எடுத்துக் குடிக்கலாம் போலத் தெளிந்திருக்கும். மீட்டரை முக்கினால் லிட்டருக்கு 5,000, 6,000 மில்லிகிராம் என்று ஏறும். ஆற்றில் விட அரசு வைத்த வரம்பு 2,100.

அந்தத் தண்ணீர்தான் வருஷக்கணக்கில் நொய்யல் ஆற்றில் இறங்கியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் குட்டையானது. கிணறுகள் கரித்தன. கீழ்ப்பகுதி விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. சொட்டுக் கழிவும் வெளியே விடாத பட்டறைதான் திறக்கலாம் என்றது.

இனி எனக்கு மிகவும் பிடித்த பகுதி, நேயர்களே. கழிவுநீரை ஆர்.ஓ. வழியாக அனுப்பி நல்ல தண்ணீரைப் பிரிக்கிறோம். மிஞ்சும் உப்புத் தண்ணீரைச் சுத்தம் செய்து சாய மெஷினுக்கே திருப்புகிறோம். அந்தத் தண்ணீரின் கடினத்தன்மை கொஞ்சம் கூடினாலும் துணியில் திட்டு விழும். அந்தப் பழைய உப்பில் முதன்முதலாகக் கருநீலம் போட்ட அன்று மெஷினை விட்டு நான் நகரவில்லை. துணியை வெளியே இழுத்து, லேப் சாம்பிளோடு வெளிச்சத்தில் ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். ஷேடு அப்படியே இருந்தது! எனக்கு அன்று சாப்பாடே இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இதற்குச் செலவு உண்டு. கடைசியில் மிஞ்சும் தண்ணீரை ஆவியாக்க நீராவியும் மின்சாரமும் ஏராளமாகப் பிடிக்கும். அந்த மெஷின் நிஜமாகவே ஓடுகிறதா என்று பார்க்க வேண்டிய ஆடிட்காரர்கள் பெரும்பாலும் ஃபைலைப் புரட்டிவிட்டுப் போவார்கள். ஒரு பெண்மணி மட்டும், “ஆவியாக்கி ஓடிய மாதங்களின் மின்சார பில்லைக் கொடுங்கள்” என்றார். எனக்கு எழுந்து கும்பிடத் தோன்றியது. ஓடாத மெஷினுக்குக் கரண்ட் பில் ஏறாது அல்லவா? காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதும் தெரிந்ததுதான். ஆர்கானிக் துணிக்குச் சான்று தரும் ‘காட்ஸ்’ அமைப்பே, 2020இல் இந்தியாவில் 20,000 டன் பருத்திக்குப் போலிச் சான்றிதழ் ஓடியதைக் கண்டுபிடித்துச் சொன்னது.

தையல் பக்கத்தைச் சுருக்கமாகத்தான் சொல்ல முடிகிறது. வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் கண்டிருந்தும் தொழிலாளர்களை உள்ளே அனுப்பினார்கள். அதன் பிறகுதான் கட்டடங்களைச் சோதிக்கும் ஒப்பந்தத்தில் பெரிய பிராண்டுகள் கையெழுத்திட்டன. சாவு விழுந்த பிறகு வந்த அக்கறை அது. அதே அக்கறை சாயப்பட்டறை வரைக்கும் பின்னோக்கி நடந்து வர வேண்டும்.

நேரம் நெருங்கிவிட்டது. ஆர்டருக்கு விலை போடும் தாளில் நூலுக்கு, நிட்டிங்குக்கு, சாயத்துக்கு, தையலுக்கு என்று தனித்தனி வரி இருக்கும். நான் பார்த்த தாள்களில் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்கென்று ஒரு வரியே கிடையாது. பட்டறைக்காரர் தன் கையிலிருந்து போட்டுக்கொண்டு, அடுத்த ஆர்டரில் பையர் குறைக்கும் காசையும் சுமப்பார். அந்த வரியைச் சேர்க்கச் சொல்லி இளம் ஏற்றுமதியாளர்கள் சிலர் இப்போது பையர்களிடம் வாதாடுகிறார்கள். அவர்கள் கேட்டது கிடைக்கட்டும்.