ஒயினும் அம்பத்தூர் வெயிலும்

(முன்னாள் மாணவர் சங்க ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"உன் பொழுதுபோக்கைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுப்பா" என்று சங்கச் செயலாளர் போன் செய்தார். "ஒயின்" என்றேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "ஸ்டூடண்ட்ஸ் இருப்பாங்களேப்பா" என்றார். அவர்கள் இருக்கும்போதுதான் சார் இதைப் பேச வேண்டும் என்றேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்று நாம் வளர்ந்த பக்கத்தில் பாட்டில் என்றால் ஒரே அர்த்தம்தான். சம்பள நாள் சாயங்காலம், கடை வாசல், ராத்திரி வீட்டில் சண்டை. என் தாய்மாமா ஒருவர் குடியிலேயே போய்ச் சேர்ந்தார். அதனால் என் வீட்டுக்குள் ஒரு ஒயின் பாட்டில் நுழைந்தது சாதாரண விஷயமில்லை. அம்மாவிடம் கணக்கு சொல்லித்தான் நுழைந்தது.

அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். பிராந்தியில் 42.8 சதவீதம் ஆல்கஹால், ஒயினில் சுமார் 13. ஆகவே ஒயின் ஜூஸ் மாதிரி என்று நினைப்பவர்கள் உண்டு. 60 மில்லி பிராந்தியில் சுத்த ஆல்கஹால் ஏறக்குறைய 26 மில்லி. 150 மில்லி ஒயின் ஒரு கிளாஸில் 19.5. இரண்டு கிளாஸ் என்றால் 39, அதாவது பிராந்தியைத் தாண்டியாச்சு! "சிவப்பு ஒயின் இதயத்துக்கு நல்லதாமே" என்று கேட்பவர்களுக்கும் ஒன்று. பாதுகாப்பான குடி அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மருந்து என்று சொல்லி யாரும் குடிக்க வேண்டாம். தம்பிகளே, தமிழ்நாட்டில் 21 வயது நிரம்பாதவருக்கு விற்கவே கூடாது. அதுவரை நான் சொல்வதில் மூக்கால் செய்யும் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அதுதான் பெரிய பாதி.

நான் முதலில் ஒயினரி பார்த்தது பெங்களூருக்கு வடக்கே, நந்தி மலைப் பக்கம் தொட்டபள்ளாபூரில். 1988-இல் கன்வல் குரோவர், பிரான்சின் ஷாம்பெயின் பகுதியைச் சேர்ந்த ஜார்ஜ் வெசெல் துணையோடு தொடங்கிய தோட்டம் அது. மற்றவர்கள் கொடியைப் படம் எடுத்தார்கள். நான் டாங்கைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நொதிக்கும்போது ஈஸ்ட் வெப்பத்தை வெளியே விடும். விட்டுவிட்டால் சூடேறி வாசனையெல்லாம் ஓடிவிடும். அதனால் ஸ்டீல் டாங்குக்குச் சட்டை போட்ட மாதிரி சுற்றிலும் ஜாக்கெட், அதற்குள் குளிர்ந்த திரவம். வெள்ளை ஒயினுக்குச் சுமார் 15 டிகிரி, சிவப்புக்கு 25-க்கு மேல். தெர்மோடைனமிக்ஸ் வகுப்பில் தூங்கியவர்கள் அங்கே போய் ஒரு மணி நேரம் நிற்கலாம்.

நாசிக்கில் சுலா தொடங்கிய ராஜீவ் சாமந்த்தும் ஸ்டான்ஃபோர்டில் எஞ்சினியரிங் படித்தவர்தான். 1997-இல் கொடி நட்டார், 2000-இல் முதல் பாட்டில் வந்தது. அங்கே கொடியை ஆண்டுக்கு இரண்டு முறை கவாத்து செய்து, ஒரே ஒரு அறுவடை எடுக்கிறார்கள். பழம் கோடையில் பழுக்காமல் குளிர்கால இரவுகளில் பழுக்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கணக்கு. ஐரோப்பாவில் பனி செய்யும் வேலையை இங்கே கத்தரிக்கோல் செய்கிறது.

நம் கம்பம் பள்ளத்தாக்கு வேறு மாதிரி. அங்கே வருஷம் முழுக்க ஏதோ ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். கோயம்பேட்டில் நாம் வாங்கும் கறுப்புப் பன்னீர் திராட்சை அதுதான். மஸ்கட் ஹாம்பர்க் ரகம். 1832-இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்தது என்பார்கள். 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயரைக் கவனியுங்கள். யாரோ ஒரு விவசாயி முகர்ந்து பார்த்து "பன்னீர்" என்று சொல்லியிருக்கிறார். ரோஜாவில் இருக்கும் லினலூல், ஜெரானியால் வகை வாசனைப் பொருள்கள்தான் இந்தப் பழத்திலும் இருக்கின்றன. லேப் இல்லாமலே மூக்கு கண்டுபிடித்துவிட்டது!

ஒயின் ருசிப்பதும் இதே வேலைதான். ஆங்கிலப் புத்தகங்களில் பிளாக்கரன்ட், கூஸ்பெர்ரி என்று போட்டிருக்கும். நாம் எங்கே போய் அதை முகர்வது? சோவிஞான் பிளாங்கில் எனக்குக் கொய்யாவும் குடைமிளகாயும் தெரிகின்றன. சிவப்பு ஒயின் நாக்கை இழுத்துப் பிடிப்பதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாக அதற்கு இடம் கொடுத்தவர்கள் நாம். நாவல் பழம், வாழைப்பூ, கொட்டைப்பாக்கு என்று சின்ன வயசிலிருந்தே பயிற்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷிராஸ் ஒயின் இருந்த கிளாஸை அம்மா கையில் வாங்கினார். குடிக்க இல்லை, மாமாவுக்குப் பிறகு அந்தப் பேச்சே கிடையாது. முகர்ந்துவிட்டு, "என்னடா, மிளகு இடிச்ச உரல் மாதிரி வாசனை வருது" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஷிராஸின் அந்த வாசனைக்குக் காரணம் ரொட்டண்டோன் என்ற பொருள். மிளகின் வாசனைக்கும் அதே பொருள்தான் காரணம் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்டார்கள். அம்மா எட்டாவது வரை படித்தவர். அதற்கப்புறம் எந்த பாட்டிலைத் திறந்தாலும் முதலில் அவரிடம்தான் கொண்டுபோய் நீட்டுகிறேன். இப்போது என் மேல் அவருக்குக் கொஞ்சம் நம்பிக்கை. கொஞ்சம்தான்.

சேர்த்து வைப்பதைப் பற்றிக் கேட்கிறார்கள். நண்பர்களே, ஒயினுக்குப் பிடித்தது 12, 13 டிகிரி. அம்பத்தூரில் மொட்டை மாடிக்குக் கீழ் வீடு, மே மாதம். கணக்குப் போடுங்கள். 13-லிருந்து 38 டிகிரிக்குப் போனால் 750 மில்லி ஒயின் ஏறக்குறைய ஒரு டீஸ்பூன் அளவு விரியும். கழுத்தில் உள்ள இடம் போதாது, தக்கையைத் தள்ளும், காற்று புகும். ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ரசாயன மாற்றம் சுமார் இரண்டு மடங்கு வேகம். பத்து வருஷம் பக்குவப்பட வேண்டியது இரண்டே வருஷத்தில் கிழமாகிவிடும். ஷோகேஸில் அடுக்கி வைப்பது போட்டோவுக்கு மட்டும்.

ஒயின் கூலர் வாங்குவதாக இருந்தால் கம்ப்ரஸர் உள்ளதா என்று முதலில் கேளுங்கள். பெல்டியர் வகை மலிவு, சத்தமும் இல்லை. ஆனால் வெளி வெப்பத்தைவிட 15, 20 டிகிரிதான் குறைக்கும். நம் ஊர் 40 டிகிரியில் அது தோற்றுவிடும். என் யோசனை: திருகு மூடி போட்ட நம் நாட்டு ஒயின் நாலைந்து, சாதாரண ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில், வெண்டைக்காய்க்குப் பக்கத்தில். வருஷத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வேறு மாநிலத்திலிருந்து காரில் ஏற்றி வருவதற்குச் சட்டக் கட்டுப்பாடு உண்டு. விசாரிக்காமல் ஏற்றாதீர்கள். வீட்டில் லைசென்ஸ் இல்லாமல் காய்ச்சுவதும் குற்றம், கிறிஸ்துமஸ் ஒயின் உள்பட.

நான் நிஜமாகச் சேர்ப்பது லேபிள்கள். பாட்டிலை வெந்நீரில் ஊறவைத்து உரித்து நோட்டில் ஒட்டி, கீழே தேதி, விலை, வாசனை எழுதுவேன். ஷிராஸ் பக்கத்தில் "மிளகு உரல் – அம்மா" என்று இருக்கிறது. நோட்டைக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே மேஜையில் இருக்கும். பக்கத்தில் கம்பத்துத் திராட்சை இரண்டு கிலோவும் வைத்திருக்கிறேன். தம்பி தங்கைகள் தின்பதற்கு முன்னால் ஒரு தடவை முகர்ந்து பாருங்கள்.