தூணை எடுக்குமுன் முட்டுக் கொடுங்கள்

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



“சிவில் படிச்சவன், பாலத்தைப் பத்திப் பேசுவேன்னு பார்த்தா பல்லைப் பத்திப் பேசப் போறியா?” என்று சங்க நண்பர் ஒருவர் கேட்டார். நான் பேசப் போவதும் கட்டுமானம்தான். கட்டடம் மட்டும் வாய்க்குள் இருக்கிறது.

எனக்கு அப்போது முப்பது வயது. வெளிமாநிலத்தில் சைட் வேலை. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று வேர் வரைக்கும் பிளந்துவிட்டது. பிடுங்கினார்கள், வலி போயிற்று, நானும் மறந்துவிட்டேன். ஒரு பல்தானே என்ற நினைப்பு. மூன்று வருஷம் கழித்து இம்ப்ளான்ட் வைக்கப் போனேன். ஸ்கேன் எடுத்துப் பார்த்த மருத்துவர் சொன்னார்: “சார், பல் இருந்த இடத்துல எலும்பு கரைஞ்சு போச்சு. திருகு நிக்க இடம் பத்தாது.” தாடையின் பின்பக்கத்திலிருந்து எலும்பு எடுத்து ஒட்டி, ஆறு மாதம் காத்திருந்து, அதன் பிறகுதான் இம்ப்ளான்ட் வைக்க முடிந்தது. பல் போனது விபத்து. எலும்பு போனது என் அறியாமை.

எலும்பு ஏன் கரைகிறது? நம் பக்கத்தில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். பர்மா தேக்குத் தூணும் ஆத்தங்குடிக் கல்லும் இருந்தும் ஆள் புழங்காத வீடு தானாகவே நொடித்துப் போகும். எலும்பும் அப்படித்தான். பளு ஏறும் இடத்தில் கெட்டிப்படும், பளு இல்லாத இடத்தில் தேயும். ஜெர்மானிய மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் 1892-லேயே இதை ஒரு விதியாக எழுதி வைத்தார்.

பல் தாடையில் ஆணி அடித்தது போல் இறுகி நிற்கவில்லை. நுண்ணிய நார்களால் குழிக்குள் கட்டி நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்த நார்கள் பற்றியிருக்கும் மெல்லிய எலும்புப் படலம் பல்லுக்காகவே இருப்பது. பல் போனால் அதற்கு வேலையும் இல்லை, நார்களின் வழியே வந்த ரத்த ஓட்டமும் இல்லை. முதலில் கரைவது அதுதான். மேல்வரிசை முன்பற்களில் உதட்டுப் பக்கச் சுவர் பலருக்கு 1 மில்லி மீட்டர்கூட இருக்காது. அங்கே சேதம் சீக்கிரம் தெரியும்.

பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் வெளிவந்த ஒரு கணக்குப்படி, பிடுங்கிய ஆறு மாதத்தில் எலும்பு மேட்டின் அகலம் சராசரியாக 3.8 மி.மீ., உயரம் 1.2 மி.மீ. குறைகிறது. பெரும்பகுதி முதல் மூன்று மாதத்திலேயே போய்விடுகிறது. இப்போது கணக்குப் போடுங்கள். திருகின் விட்டம் 4 மி.மீ. இரு பக்கமும் ஒன்று, ஒன்றரை மி.மீ. எலும்பு வேண்டும். ஆக மொத்தம் ஆறு, ஏழு மி.மீ. ஒன்பது இருந்த மேடு ஐந்தாகிவிட்டால் அஸ்திவாரம் எங்கே போடுவது?

இந்தத் திருகின் கதைக்கும் நமக்கும் ஓர் ஒற்றுமை உண்டு. நம் கல்லூரி தொடங்கிய அதே 1952-ல்தான், ஸ்வீடனில் பிரோனமார்க் என்ற ஆய்வாளர், முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முடியாமல் திகைத்தார். எலும்பு அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. 1965-ல் முதல் நோயாளிக்குப் பல் இம்ப்ளான்ட் வைத்தார். வள்ளல் அழகப்பர் நிலமும் நிதியும் கொடுத்து உருவான நம் காரைக்குடி சிக்ரியிலும், உடலுக்குள் வைக்கும் உலோகங்களின் மேற்பூச்சு பற்றிய ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஆனால் உலோகம் எவ்வளவு உயர்வானாலும் பிடித்துக்கொள்ள எலும்பு வேண்டுமே!

பழைய வீட்டில் தூணை மாற்றும் கொத்தனார் என்ன செய்வார்? முதலில் முட்டுக் கொடுப்பார், பிறகுதான் தூணில் கை வைப்பார். பல் மருத்துவத்திலும் அந்த முட்டு உண்டு. சுவர் உடையாமல் பல்லை மெதுவாக எடுக்கிறார்கள். குழியைச் சுத்தம் செய்து எலும்புத் துகளை நிரப்புகிறார்கள். மேலே கொலாஜன் சவ்வு போட்டு மூடித் தையல் போடுகிறார்கள். துகள் வெறும் சாரம்தான். அதில் ஏறிப் புது எலும்பு கட்டுவது நம் உடம்பு. நான்கு முதல் ஆறு மாதம் ஆகும்.

அந்தத் துகள் மனித எலும்பாக இருக்கலாம், மாட்டெலும்பிலிருந்து பதப்படுத்தியதாக இருக்கலாம், செயற்கைக் கால்சியம் பாஸ்பேட்டாகவும் இருக்கலாம். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இத்தகைய செயற்கைப் பொருள்களை நம் நாட்டிலேயே உருவாக்கியிருக்கிறது. சைவக் குடும்பத்தினர் எதிலிருந்து செய்தது என்று கேட்டுவிடுவது நல்லது.

சென்ற ஆண்டு என் அம்மாவுக்கு மேல்பல் ஒன்று எடுக்க வேண்டி வந்தது. இந்த முறை பிடுங்குவதற்கு முன்பே கேட்டேன். “ஏம்ப்பா, ஒரு பல்லுக்கு இவ்வளவு பேச்சா?” என்று அம்மா அலுத்துக்கொண்டார்கள். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்து, எடுத்த அன்றே குழியை நிரப்பினார்கள். ஐந்தாம் மாதம் ஸ்கேனில் திருகுக்குப் போதுமான எலும்பு இருந்தது. எனக்கு ஆன செலவில் பாதிகூட ஆகவில்லை. இப்போது அம்மா சீடையைக் கடித்துச் சாப்பிடுகிறார்கள்.

இதை மந்திரம் என்று சொல்ல மாட்டேன். இழப்பு குறையும், அடியோடு நிற்காது. அகலத்தில் ஏறத்தாழ இரண்டு மி.மீ. மிச்சப்படும். ஆனால் அந்த இரண்டு மி.மீ. இன்னொரு அறுவையைத் தவிர்க்கலாம். எல்லோருக்கும் இது தேவையும் இல்லை. ஞானப்பல் எடுத்தால் பொதுவாக வேண்டியதில்லை. சீழ் அதிகமிருந்தால் முதலில் அது ஆற வேண்டும். புகைபிடிப்பவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும். எலும்புத் தேய்வுக்கு மாத்திரையோ ஊசியோ எடுப்பவர்கள் பிடுங்குமுன் அதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

தம்பி தங்கைகளே, நாற்காலியில் சாயுமுன் மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள். “இந்தப் பல்லைக் காப்பாற்ற வழியே இல்லையா? எடுத்தால் அந்த இடத்தில் பிறகு என்ன வைப்பது? அதற்கு எலும்பைக் காக்க இன்றைக்கே ஏதாவது செய்ய வேண்டுமா?” முதல் கேள்விக்கு “உண்டு” என்று பதில் வந்தால் அதுதான் எல்லாவற்றிலும் நல்லது. சொந்தப் பல்லுக்கு ஈடு எதுவும் இல்லை.

கேட்பதற்கு ஒரு நிமிடம் போதும். நான் கேட்காமல் விட்டதற்கு ஓர் அறுவையும் ஓராண்டும் கொடுத்தேன். நீங்கள் கொடுக்க வேண்டாம்.